ஆளைக் கண்டால் வெருளும் வளர்ந்த நாய்: பொறுப்பெடுத்து, பழக்கி, வீடு தேடிக் கொடுக்கும் முறை

குட்டியென்றால் கேட்டு வாங்க ஆள் வரும். மூன்று நான்கு வயதான, ஆளைக் கண்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிற அல்லது கேற்றடிக்கு ஓடிவந்து பல்லைக் காட்டுகிற நாய்க்கு வீடு தேடுவது வேறு வேலை. திருகோணமலை நகரத்திலோ உப்புவெளி, பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கமோ ஒரு சின்ன வளவும் கதவு பூட்டக்கூடிய ஒரு அறையும் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறோம்.

எதிர்பார்ப்பை முதலில் சரியாக்கிக்கொள்ளுங்கள். பிறந்து 3 கிழமை முதல் 14 கிழமை வரை ஒரு குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் கண்டு பழகுகிறதோ, அதைத்தான் பிற்காலத்தில் இயல்பாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் கல்லெறி வாங்கியே வளர்ந்த நாயைப் பிறகு முற்றாக மாற்ற முடியாது. பயத்தைக் குறைக்கலாம், பயந்தாலும் கடிக்காமல் விலகிப் போகப் பழக்கலாம். எதற்கு வெருளும், எத்தனை அடி தூரத்தில் வெருளும், எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்று பிசகில்லாமல் கண்டுபிடித்து எழுதி, அந்தக் குறிப்புக்குப் பொருந்தும் வீட்டைத் தேடுவதுதான் தற்காலிகமாக வைத்திருப்பவரின் வேலை. இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டுமென்றால் குட்டிகளைப் பொறுப்பெடுங்கள். அதற்கும் ஆள் தேவை.

நாய் வருமுன்

புதிய நாய் தொலைவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். அதற்கு நீங்கள் யாரென்றும் தெரியாது, வீடு எங்கே இருக்கிறதென்றும் தெரியாது. ஓடினால் திரும்பி வராது. ஆகவே வேலியிலிருந்து தொடங்க வேண்டும். மதிலோ கம்பி வலையோ 5 அடிக்குக் குறைந்தால் போதாது. தகர வேலியின் அடியில் மண் அரித்த இடைவெளி இருக்கிறதா என்று முழங்காலில் நின்று பாருங்கள். தலை நுழைகிற இடத்தால் மெலிந்த நாயின் உடம்பும் நுழைந்துவிடும். தோண்டுகிற நாயென்றால் வேலியோரம் உட்பக்கமாக ஒரு அடி அகலத்துக்குக் கம்பி வலையை மண்ணுக்குள் படுக்கையாகப் புதைக்கலாம். கேற்றுக்கு உள்ளே இன்னொரு தடுப்பு, பலகையாலோ வலையாலோ, கட்டாயம் வேண்டும். ஒரே கதவை நம்பியிருந்தால், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிற பெடியன் கேற்றைத் திறந்த அந்த நிமிடத்தில் நாய் தெருவில் நிற்கும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. உடம்போடு பொருந்தும் மார்புப் பட்டி ஒன்று. இழுத்தால் ஓரளவு இறுகி, தலை வழியே கழன்றுவிடாத கழுத்துப் பட்டி ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கொளுவ 6 அடி நீளக் கயிறு. வளவுக்குள் இழுபட விடுவதற்கு 15 அடி நீள மெல்லிய கயிறு. இரும்புச் சங்கிலி வேண்டாம், அதன் சத்தமே சில நாய்களுக்குப் பழைய அடியை நினைவூட்டும். பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று விரல் நுழைந்தால் தளர்வு. வெருண்ட நாய் முன்னால் ஓடாது, பின்னால் இழுத்துத் தலையைச் சுருக்கிக் கழற்றும். இதனால்தான் ஒரு பட்டியை மட்டும் நம்பக்கூடாது.

அறை என்றால் பின்விறாந்தை மூலையை மறைத்தாலும் போதும். ஒரு பக்கம் சுவர், மேலே மறைப்பு, படுக்க மடித்த சாக்கு, தண்ணீர்ச் சட்டி. ஆட்கள் நடந்து போகும் வழியில் அது இருக்கக்கூடாது. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எந்த நாயையும் அடைக்காதீர்கள். சூடு ஏறிய நாய்க்குப் பொறுமை இருக்காது.

மருத்துவம் முதலில், பழக்கம் பிறகு

சிடுசிடுப்பு என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு வலி. காதுப் புண், உடைந்த பல், ஆறாத பழைய எலும்பு முறிவு, உண்ணிக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. மிருக வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். உண்ணி மொய்த்த தெருநாய்க்கு ஈறு வெளிறியிருப்பது, சோர்வு, காய்ச்சல் இருந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டாம். பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்கு நாய் தொற்றும் புற்றுக் கட்டி அது, தெருநாய்களில் சாதாரணம், மருந்தால் குணமாகும். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, விசர்நாய்த் தடுப்பூசி, கருத்தடைச் சத்திரசிகிச்சை எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போதே முடிய வேண்டும். "பிறகு செய்விக்கிறோம்" என்று புதிய வீட்டார் தரும் வாக்கை நம்பக்கூடாது.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் இலவச ஊசி முகாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்து இருபது நாய்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு இந்த நாயைக் கொண்டுபோகாதீர்கள். நேரம் கேட்டு, ஆளில்லாத வேளையில் வைத்தியரிடம் போங்கள். தடுப்பூசி அட்டையைப் படமெடுத்தும் வையுங்கள்.

பனடோல் கொடுக்காதீர்கள், ஐபியூபுரோபென் கொடுக்காதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஊசி போட்டதா இல்லையா என்று தெரியாத நாயை முதல் 14 நாளாவது வீட்டு நாய்களோடும் பிள்ளைகளோடும் சேர்க்காதீர்கள். இந்த நாட்களில் காரணமில்லாமல் குணம் மாறினால், விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால், தடுமாறினால், கிட்டப் போகாமல் அறையை மூடிவிட்டு வைத்தியருக்குச் சொல்லுங்கள். யாரையாவது கடித்தால் அல்லது பல் கீறினால், சிறிய காயமானாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். கடித்த நாயைக் கொல்லவோ விரட்டவோ கூடாது. 14 நாள் கண்காணிப்பில் அது உயிரோடு நலமாக இருக்கிறதா என்பது சிகிச்சைக்குத் தேவையான செய்தி. அடிக்கடி நாய்களைப் பொறுப்பெடுப்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாள்

ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் பலருக்கு முடியாத காரியம். அயலவர் வந்து பார்ப்பார்கள், பிள்ளைகள் தடவ வேண்டுமென்பார்கள், யாராவது குளிக்க வார்க்கச் சொல்வார்கள். எதுவும் வேண்டாம். ஒரே ஆள், ஒரே நேரத்தில், சாப்பாட்டை வைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி நடந்து போகட்டும். நேரே பார்க்கவோ, மேலே குனியவோ, கூப்பிடவோ கூடாது. நாய் சாப்பிடாமல் இருந்தால் சட்டியை விட்டுவிட்டு விலகுங்கள். பெரும்பாலும் சாமத்தில் சாப்பிட்டிருக்கும். தண்ணீரும் குடிக்காமல் ஒரு நாள் கடந்தால் வைத்தியரிடம் கேளுங்கள்.

15 கிலோ நாய்க்கு, சோறும் முள்ளெடுத்த மீனும் அல்லது எலும்பில்லாத கோழியும் கலந்து, நாளொன்றுக்குச் சமைத்த உணவாக 500 முதல் 600 கிராம் வரை, இரண்டு வேளையாகக் கொடுக்கலாம். மிக மெலிந்து வந்திருந்தால் அதையே நான்கு சிறு வேளையாகப் பிரியுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றோட்டம் வரும். வெங்காயம் போட்ட கறிக் குழம்பும் அவித்த கோழி எலும்பும் ஆகாது.

நான்காம் நாளிலிருந்து, அறையின் ஒரு மூலையில் நிலத்தில் அமர்ந்து பத்து நிமிடம் பத்திரிகை வாசியுங்கள். இடைக்கிடை ஒரு துண்டு கோழியை நாய்க்குப் பின்னால் விழும்படி எறியுங்கள். பின்னால் என்பதைக் கவனியுங்கள். கையை நீட்டி "வா, வா" என்று கூப்பிட்டால், பசி இழுக்க நாய் வந்துவிடும், துண்டை விழுங்கிய அடுத்த நொடியில் தான் எவ்வளவு கிட்ட நிற்கிறோம் என்று உணரும், திரும்பி ஓடத் துணிவில்லாமல் கடிக்கும். "கையில் சாப்பிட்டுக்கொண்டே கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் கதைகளில் நடப்பது இதுதான். உணவு பின்னால் விழும்போது நாய் விலகிப் போய்த் தின்கிறது, மீண்டும் வருவதா என்பதைத் தானே தீர்மானிக்கிறது.

உறுமலைத் தண்டிக்காதீர்கள். உறுமல் நாய் தரும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். அதற்கு முன்னரே சின்ன அடையாளங்கள் வரும்: உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரியும், வாயை மூடி உடம்பை விறைக்கும். விறைத்து நிற்கும் நாயின் வால் ஆடினாலும் அது சந்தோசம் இல்லை.

தூரம்தான் மருந்து

எந்த நாய்க்கும் ஒரு எல்லைத் தூரம் இருக்கிறது. உதாரணமாக, ஆண் ஒருவர் 60 அடியில் நின்றால் பார்த்துவிட்டுத் திரும்பும். 40 அடியில் விறைக்கும். 25 அடியில் குரைத்துப் பாயும். இந்த எண்களை முதல் இரண்டு கிழமைக்குள் கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதுங்கள். ஆண், பெண், பிள்ளை, தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், சைக்கிள், ஓட்டோ, வேறு நாய் என்று தனித்தனியே எழுத வேண்டும். ஒரே நாய் பெண்களிடம் 5 அடியில் அமைதியாக இருந்துவிட்டு, தலைக்கவசம் போட்ட மோட்டார் சைக்கிள்காரரைக் கண்டால் 80 அடியிலேயே கத்தலாம்.

பழக்கும் முறை எளிது, பொறுமைதான் கடினம். உதவிக்கு வருபவர் அந்த எல்லைக்கு 10 அடி வெளியே தோன்றட்டும். நாய் அவரைப் பார்த்த உடனே, கடலைப் பருமனுள்ள கோழித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். அவர் மறைந்ததும் கொடுப்பதை நிறுத்துங்கள். ஆள் முதலில், சாப்பாடு பிறகு. இந்த வரிசை மாறினால் நாய் கோழித் துண்டைக் கண்டே சந்தேகப்படத் தொடங்கும். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நாளுக்கு ஒன்றிரண்டு தடவை. ஆள் தோன்றியதும் நாய் "எங்கே என் துண்டு" என்று உங்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் 3 அடி கிட்ட வரலாம். துண்டை மறுத்தால் மிகக் கிட்ட வந்துவிட்டீர்கள். வாங்கும்போது வழக்கத்தைவிட முரட்டுத்தனமாகப் பறித்தாலும் எல்லையில்தான் நிற்கிறீர்கள். இரண்டிலும் பின்வாங்குங்கள். கருவாட்டுக்கு எந்த நாயும் மயங்கும்தான், ஆனால் அந்த உப்பு வேண்டாம். ஈரலை அவித்து, சின்னதாக வெட்டி, தணலில் உலர்த்தினால் கையில் பிசுபிசுக்காது. இந்தத் துண்டுகளை நாளின் உணவு அளவுக்குள் கழித்துக்கொள்ளுங்கள்.

முன்னேறிய நாய் திடீரென்று பழையபடி பாய்வது உண்டு. பெரும்பாலும் அன்று காலையில் வைத்தியரிடம் போயிருக்கும், மத்தியானம் பக்கத்து வீட்டில் கூரை வேலை நடந்திருக்கும், மாலையில் யாரோ கேற்றைத் தட்டியிருப்பார்கள். பதற்றம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும், இறங்க ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அப்படியான நாட்களில் பயிற்சி இல்லை. மூலையில் படுக்க விட்டு, மெல்லுவதற்கு உரித்த தேங்காய் மட்டைத் துண்டொன்று கொடுங்கள். நாரை விழுங்குகிற நாயென்றால் அதுவும் வேண்டாம்.

எங்கே நடத்துவது என்பதில் இந்த ஊருக்கே உரிய சிக்கல்கள் உண்டு. கடற்கரை ஆளில்லாத இடம்போலத் தெரியும், ஆனால் விடியலில் கரைவலை இழுப்பார்கள், மீன் விழும் இடத்தில் நாய்க்கூட்டம் இருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை இருக்கும். டச்சுக் குடா, பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் திரிகின்றன. நகரத் தெருக்களுக்கும் வரும். மானைக் கண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாய் மானுக்கும் ஆபத்து, வீதியில் தனக்கும் ஆபத்து. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் குரங்குகள் வேறு. காலை ஆறரைக்கு முன், உங்கள் ஒழுங்கையிலேயே, இருபுறமும் விலக இடமுள்ள பகுதியில் மேலும் கீழும் நடத்துவது போதும். முதல் மாதத்தில் தெருவுக்குப் போகாவிட்டாலும் குறையில்லை.

வேறு நாயோடு பழக்குவதை கேற்றுக்கு இருபுறமும் நிற்க வைத்துத் தொடங்கவே கூடாது. நேருக்கு நேர் முறைப்பும், நடுவில் கம்பியும் சேர்ந்தால் சாதுவான நாயும் சண்டைக்கு நிற்கும். இரண்டு பேர், இரண்டு நாய்கள், 40 அடி இடைவெளி, ஒரே திசையில் நடை. நாட்கள் போகப் போக 10 அடிக்கு வரலாம். பிறகு ஒன்று நடந்த இடத்தை மற்றது மணக்கட்டும். முதல் சந்திப்பில் மூன்று விநாடி மணந்ததும் இரண்டையும் அழைத்துக்கொண்டு நடங்கள். கயிறு இறுகக்கூடாது. சாப்பாட்டுச் சட்டிகள் எப்போதும் தனித்தனி அறையில்.

சட்டியைக் காவல் காக்கிற நாயிடமிருந்து பறித்துப் "பழக்க" வேண்டாம். போகும் வழியில் 6 அடி தள்ளி நின்று, சட்டியில் இருப்பதைவிட ருசியான துண்டை எறிந்துவிட்டுப் போங்கள். நீங்கள் வந்தால் கூடுமே தவிரக் குறையாது என்று அது கற்கும்.

வாய்க்கூட்டுக்கும் பழக்கிவிடுவது நல்லது, இதுவரை கடிக்காத நாயையும். வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை வகைதான் வேண்டும். துணியால் இறுக்கும் வகை இந்தச் சூட்டில் உயிராபத்து. கூட்டுக்குள் உணவைத் தடவி, நாய் தானே மூக்கை விடும்வரை பல நாள் விட்டு, பிறகுதான் வாரைக் கொளுவ வேண்டும். இரண்டு கிழமை ஒதுக்குங்கள். வைத்தியரிடம் போகும் நாளில் மட்டும் திடீரென்று மாட்டினால், அடுத்த முறை கூட்டைக் கண்டதும் ஓடும்.

தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கல்யாண வீடு என்று வெடி வெடிக்கும் நாட்களும், ஐப்பசி கார்த்திகை இடியும் முன்கூட்டியே தெரிந்தவை. அன்று பொழுது சாயுமுன் மலசலத்துக்கு விட்டு, உள்ளறையில் வைத்து, மின்விசிறியையும் வானொலியையும் போட்டு விடுங்கள். நாய் உங்கள் பக்கம் ஒட்டினால் தடவலாம். தடவினால் பயம் வளரும் என்பது தவறு. மிகவும் நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு, வைத்தியரிடம் ஒரு கிழமை முன்பே கேளுங்கள். ஏஸ்புரோமசின் மட்டும் தந்தால் மறுபடி பேசிப் பாருங்கள்: அது உடம்பைத் தளர்த்தும், பயத்தைத் தொடாது. நீண்டகாலப் பதற்றத்துக்குத் தரப்படும் ஃப்ளூஒக்சிட்டின் வேலை செய்ய நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும், பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

வீடு தேடுதல்

அறிவிப்பில் முதலில் நாயின் சிக்கலை எழுதுங்கள். "சாதுவானது, பாசமானது, பழக நேரம் எடுக்கும்" என்று எழுதினால் நூறு பேர் கேட்பார்கள், ஒருவருக்கும் பொருந்தாது. "ஆண்களைக் கண்டால் 20 அடியில் குரைக்கும். மூன்றாவது வருகையில் அடங்கும். பெண்களோடு உடனே பழகும். பூனையைத் துரத்தும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தர முடியாது. நான்கு மணி நேரம் தனியே இருக்கும்" என்று எழுதினால் நான்கு பேர் கேட்பார்கள். அந்த நான்கில் ஒன்றுதான் வீடு. படம் உட்கார்ந்திருக்கும்போது, கயிறு இல்லாமல், நாயின் கண் மட்டத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.

கடித்த வரலாற்றை மறைக்கவே கூடாது. நாய்களின் நடத்தையை ஆராய்ந்த மிருக வைத்தியர் இயன் டன்பார், கடியின் கடுமையை அளக்க வகுத்த ஆறு படிநிலை உதவும்: பல் படாத பாய்ச்சல் ஒன்று, பல் பட்டும் துளையில்லாதது இரண்டு, ஒரே கடியில் வேட்டைப் பல்லின் பாதி நீளத்துக்கு மேற்படாத ஒன்று முதல் நான்கு துளை மூன்று, அதைவிட ஆழமானது நான்கு, ஆழமான கடி பலமுறை விழுந்தால் ஐந்து, உயிர்ப்பலி ஆறு. முதல் இரண்டும் உள்ள நாய்க்கு வீடு கிடைக்கும். மூன்றென்றால் அனுபவசாலி வீடு, பிள்ளைகள் இல்லாத வீடு. நான்கோ அதற்கு மேலோ என்றால் வேறு வீட்டுக்குக் கொடுப்பது அந்த வீட்டாருக்கு அநியாயம். வைத்தியரோடு கருணைக்கொலை உட்பட எல்லாவற்றையும் மனம் விட்டுப் பேச வேண்டும்.

"நல்லாக் குரைக்குமா? காவலுக்குத்தான் வேணும்" என்று வருபவர்களே அதிகம். மறுத்துவிடுங்கள். பயத்தில் குரைக்கும் நாய் கள்ளனையும் தபால்காரரையும் பிரித்தறியாது. பகலெல்லாம் கட்டிவைத்து இரவில் அவிழ்த்துவிடும் வீட்டில் அது இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். பிறகு கட்டாக்காலியாகும்.

கேட்க வேண்டியவை இவை: வாடகை வீடா, சொந்த வீடா, உரிமையாளர் சம்மதமா? வெளிநாட்டுக்குப் போகும் யோசனை உண்டா, போனால் நாய் யாரிடம்? வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா, ஒருவருக்கு மட்டுமா? அயலவர் எப்படி? நாயின் எச்சில் படுவதைத் தவிர்க்க வேண்டிய குடும்பம் பக்கத்தில் இருந்தால் வேலி எப்படி இருக்கிறது? முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் நிறையச் சொல்லும். "வாகனத்தில் அடிபட்டு" என்று இரண்டு நாய்களுக்குச் சொன்னால், வேலியை நேரில் போய்ப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

மூன்று சந்திப்பாவது நடக்கட்டும். இரண்டு உங்கள் வளவில், மேலே சொன்னபடி உணவைப் பின்னால் எறிந்து. மூன்றாவது அவர்கள் வீட்டில், நீங்களும் கூடவே. ஓட்டோவில் கொண்டுபோனால் இரு பக்கமும் திரையை இறக்கி, இரண்டு பட்டியும் போட்டு, ஒருவர் நாயோடு நிலத்தில் அமர வேண்டும். கொழும்பு போன்ற தூரத்துக்கு மூடிய வான், விடியுமுன் புறப்பாடு, இடையில் கதவைத் திறக்குமுன் கயிறு கையில் இருப்பதை உறுதிசெய்தல்.

கொடுக்கும் நாளில் பழகிய சாக்கு, இரண்டு நாளுக்கான அதே சாப்பாடு, தடுப்பூசி அட்டை, உங்கள் கொப்பியின் பிரதி ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்திடலாம்: முதல் 14 நாள் சோதனைக் காலம், நிரந்தரமாகக் கட்டிவைக்கக்கூடாது, வேறொருவருக்குக் கைமாற்றக்கூடாது, முடியாவிட்டால் எந்தக் காலத்திலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும். முதல் 14 நாளும் கேற் பூட்டியே இருக்க வேண்டும், விருந்தினர் வரக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது என்பதை வாயாலும் சொல்லுங்கள். எழுதியதை யாரும் வாசிப்பதில்லை.

இரண்டாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று கூப்பிட்டுக் கதையுங்கள். "எப்படி இருக்கிறது?" என்றால் "நல்லா இருக்கு" என்பார்கள். "நேற்று எங்கே படுத்தது? கடைசியாக யாரைப் பார்த்துக் குரைத்தது? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றாம் கிழமையில் புதிய சிக்கல்கள் தெரியவரும். வந்த புதிதில் அடங்கிக் கிடந்த நாய் வீட்டைத் தனதென்று எடுத்துக்கொண்டு குரைக்கத் தொடங்கும் காலம் அது. அந்தக் கிழமையில் நேரில் ஒருமுறை போய் வரப் பாருங்கள்.

திருப்பித் தந்தால் வாதாடாமல் அன்றே போய் எடுங்கள். என்ன நடந்தது, எத்தனை அடியில், எந்த நேரத்தில் என்று அவர்களிடமே கேட்டுக் கொப்பியில் சேர்த்துக்கொண்டு, நாயை மறுபடி முதல் மூன்று நாள் போலவே மூலையில் விட்டுவிடுங்கள்.